டிஎன்ஏ அறுந்தால் யூபிக்விட்டின் லைகேஸ் என்ன செய்கிறது?

யூபிக்விட்டின் என்பது வெறும் 76 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். அதை எடுத்து இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டும் நொதிதான் யூபிக்விட்டின் லைகேஸ். சீட்டு ஒட்டுகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, இதற்கும் டிஎன்ஏவுக்கும் என்ன தொடர்பு? கதிர்வீச்சு பட்டால் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோகலாம். ஒரு மனித செல்லில் சுமார் 2 மீட்டர் நீள டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றிச் சுற்றி மடங்கிக் கிடக்கிறது. அதில் அறுந்த இடத்தைப் பழுதுபார்க்கும் புரதங்கள் எப்படிக் கண்டுபிடிக்கும்? முதலில் ஏடிஎம் என்ற நொதி அங்குள்ள ஹிஸ்டோன்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது, அதைத் தொடர்ந்து ஆர்என்எஃப்8 என்ற லைகேஸ் வருகிறது, அது போட்ட குறியைப் பிடித்துக்கொண்டு ஆர்என்எஃப்168 என்ற இன்னொரு லைகேஸ் வந்து ஹிஸ்டோன்களில் யூபிக்விட்டினை ஒட்டுகிறது. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் 53பிபி1, பிஆர்சிஏ1 போன்ற பழுதுபார்க்கும் புரதங்கள் வந்து கூடுகின்றன.

தெருவில் மின்கம்பி அறுந்து விழுந்தால் யாராவது பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிவைப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி. துணி கம்பியை இணைக்காது, ஆனால் லைன்மேன் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆர்என்எஃப்168 மரபணு பழுதானால் ரிடில் என்ற அரிய நோய் வருகிறது: உடல் கதிர்வீச்சைத் தாங்காது, நோய் எதிர்ப்பும் குறையும். (கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடியின் வகையை மாற்றவும் செல் டிஎன்ஏவை வெட்டி ஒட்டியாக வேண்டும், அதனால்தான்.)

அப்புறம், யூபிக்விட்டின் ஒட்டினாலே அந்தப் புரதம் குப்பைக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 2004 வேதியியல் நோபல் அந்த அழிப்பு வேலையைக் கண்டுபிடித்ததற்குத்தான், ஆனால் இங்கே ஒட்டப்படும் சீட்டு அழிப்பதற்கானது இல்லை, ஆள் கூப்பிடுவதற்கானது.