டிக்கியில் இருப்பது குண்டா, பாட்டிலா?

கேள்வி: ஐயா, பல வருடம் ரேஸ் டிராக்கில் ஓடிய பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். சீட்டும் ரோல் கேஜும் (ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் கூண்டு) தவிர உள்ளே மொட்டை. டிக்கியில் முழங்கை நீளத்துக்கு ஓர் அலுமினிய உருளையைப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஒரு முனையில் அழுத்தம் காட்டும் சின்ன கேஜ். முள் 40-இல் நிற்கிறது. மறுமுனையில் கைப்பிடி வைத்த வால்வு. அதிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு ஹோஸ் முன்பக்கம் போகிறது. நண்பர்கள் நைட்ரஸ் பாட்டில், அதாவது இன்ஜினுக்குக் கூடுதல் சக்தி தரும் வாயு அடைத்தது என்கிறார்கள். வீட்டில், "அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு காரை உள்ளே விடு" என்கிறார்கள். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சின் பின்னால் வெள்ளைப் பீங்கான் துண்டு ஒன்று தொங்குகிறது. சீட்டுக்குப் பின்னால் இரண்டு மெல்லிய குழாய் முனைகள் வேறு. எல்லாவற்றையும் கழற்றி எறியலாமா?

பதில்: எறிய வேண்டாம். உருளையைக் கழற்றவும் வேண்டாம், இதைப் படித்து முடிக்கும் வரையிலாவது.

நைட்ரஸ் இல்லை என்று உங்கள் கட்டைவிரலே சொல்லிவிட்டது. நைட்ரஸ் பாட்டிலுக்குள் சதுர அங்குலத்துக்கு 900 பவுண்டு அளவில் அழுத்தம் இருக்கும். அதிலிருந்து கிளம்பும் குழாய் பென்சிலைவிடப் பெரிதாக இருக்காது. வால்வு, கேஜ் எல்லாம் கழுத்துப் பக்கமே இருக்கும். உங்களுடையதில் இரண்டு முனையிலும் வேலை நடந்திருக்கிறது, குழாயும் தடி. தடித்த குழாயில் போவது ஆயில். ஹோஸைப் பிடித்துக்கொண்டே முன்னால் போங்கள், இன்ஜினில் ஆயில் ஃபில்டர் பக்கம் போய் நிற்பீர்கள். பெயர் தெரியாத எந்தப் பொருளையும் நான் இப்படித்தான் பிடிப்பேன். பெட்டியை உற்றுப் பார்த்து ஆவது ஒன்றுமில்லை. அதன் வால் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

டிராக் ஆட்கள் இதை அக்யூசம்ப் என்பார்கள். ஒரு தயாரிப்பின் பெயர், பொதுப் பெயராகிவிட்டது. உள்ளே ஒரு பிஸ்டன். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ஆயில். இன்ஜின் ஓடும்போது ஆயில் பம்பின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை நெருக்கும். நீண்ட வளைவில் வேகமாகப் போனால் சம்பில், அதாவது இன்ஜின் அடியில் உள்ள தொட்டியில், ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். பேரிங் தீய்ந்துபோகச் சில நொடி போதும். அந்த நொடிகளில் நெருங்கிக் கிடந்த காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளி, சேர்த்து வைத்த ஆயிலை இன்ஜினுக்குக் கொடுக்கும்.

முள் 40-இல் நிற்கிறது என்றீர்களே, அதைப் படித்ததும் அந்தப் பழைய ஓட்டுநர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்வை மூடிவிட்டுத்தான் சாவியைத் திருப்பியிருக்கிறார். அடுத்த முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன் வால்வைத் திறந்தால், இன்ஜின் ஒரு சுற்று சுற்றும் முன்பே பேரிங்குக்கு ஆயில் போய்விடும்.

ஆனால் 40 பவுண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. வேலை கற்ற காலத்தில் நானே இப்படி ஒரு ஹோஸை, கேஜைப் பார்க்காமல் ஸ்பேனர் போட்டுத் தளர்த்தினேன். ஆயிலில் பாதி என் சட்டையில், மீதி சுவரில். கண்ணில் படாதது அதிர்ஷ்டம். நீங்கள் சம்பின் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி, அடியில் பெரிய தட்டு வைத்துவிட்டு, பிறகு வால்வை மெதுவாகத் திறங்கள். பழைய ஆயில் இன்ஜின் வழியாக இறங்கிவிடும். முள் 5-லிருந்து 10-க்குள் வந்து நின்றால் காற்றுப் பக்கம் நலம். கேஜ் பக்கம் டயரில் இருப்பது போன்ற காற்று வால்வு இருக்கும். அதன் ஊசியை லேசாக அழுத்துங்கள். காற்றோடு ஆயிலும் தெறித்தால் பிஸ்டனின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போய்விட்டது, மாற்றிவிட்டுப் பயன்படுத்தலாம்.

பீங்கான் துண்டு ஒரு ரெசிஸ்டர், பெரும்பாலும் 3 ஓம். ஓடுகிற இன்ஜினில் கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பினால் பேட்டரி பிரிந்துவிடும், ஆனால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை வாங்கி பாடியில் இறக்கிவிடத்தான் இது. இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போகும். ஒன்றிலும் சேராமல் தொங்குவதாகத் தோன்றும், வெட்டிவிடாதீர்கள்.

சீட்டுக்குப் பின்னால் உள்ள இரட்டைக் குழாய், அநேகமாகக் குளிர்ச் சட்டைக்கானது. ஐஸ் பெட்டியிலிருந்து சின்ன மோட்டார் நீரைச் சுற்றவிடும். பக்கத்தில் பெட்டியை இறுக்கிய துளைகள் இருக்கும். அது வேண்டுமானால் போகட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன். வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, நடுவில் சிவப்பில் ஆங்கில 'E' எழுத்து போட்ட ஸ்டிக்கர் எங்காவது இருக்கிறதா? அதன் அருகில் உள்ள கைப்பிடி தீயணைப்பு பாட்டிலுக்கானது. எதற்கு என்று பார்ப்போம் என இழுத்துவிடாதீர்கள், பாட்டில் முழுதும் உள்ளே கொட்டிவிடும். மிகப் பழையதென்றால் உள்ளே ஹேலான் என்ற பழைய தீயணைப்பு வாயு இருக்கவும் கூடும். அதைக் காற்றில் விடக்கூடாது. கேபிளைப் பின்தொடர்ந்து போய் பாட்டிலைக் கண்டுபிடித்து, லேபிளில் உள்ள தேதியையும் மருந்தின் பெயரையும் எழுதுங்கள். மேலே பேசலாம்.