தட்டுதான் சின்னது

அன்புள்ள சார்,

நூறு வருடத்துக்கு முந்தைய கர்நாடக இசைத்தட்டுகளை யூடியூபில் கேட்டு வருகிறேன். ஆலாபனை, கிருதி, ஸ்வரம் எல்லாம் மூன்று நிமிடத்தில் முடிகிறது. எல்லோர் குரலும் உச்சத்தில் இருக்கிறது. அன்று வேகமாகத்தான் பாடினார்கள், இழுத்துப் பாடுவது பிற்காலப் பழக்கம் என்று நினைக்கிறேன். சரிதானா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

இல்லை. பத்து அங்குல அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மிஞ்சினால் மூன்றரை நிமிடம். அவ்வளவுதான் இடம். கச்சேரி மேடையில் மணிக்கணக்கில் பாடியவர்கள்தான் இதற்குள்ளும் அடக்கிப் பாடினார்கள்.

மைக் வருவதற்கு முன் எடுத்த தட்டுகளில், பாடுகிறவர் ஒரு பெரிய கூம்புக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு உரக்கப் பாட வேண்டும், அந்தக் குரலின் அதிர்வே ஊசியை ஆட்டி மெழுகில் கோடு கீறும், வேறு சக்தி எதுவும் உதவிக்குக் கிடையாது. மெல்லப் பாடினால் பதியாது. தம்புரா போன இடம் தெரியாது. நடுவில் பிசகினால் வெட்டி ஒட்ட முடியாது, புது மெழுகில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். 1902இல் கல்கத்தாவில் பதிவு செய்த இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வார், கேட்டிருப்பீர்கள். தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவரில். அங்கே இருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே, அதற்காக என்பார்கள். அதற்கும் அந்த மூன்று நிமிடத்துக்குள்தான் இடம் பார்க்க வேண்டும்!

அப்புறம் அந்த உச்சக் குரல். நிமிடத்துக்கு 78 சுற்று என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அந்தக் காலத்தில் எல்லாமே 78இல் பதிவானதில்லை. 72இல் எடுத்ததை 78இல் ஓட்டினால் வேகம் கூடுவதோடு சுருதியும் அரைக் கட்டைக்கு மேலேயே ஏறிவிடும். யூடியூபில் போடுகிற பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

இழுத்துப் பாடுவது பிற்காலம் என்கிறீர்கள். 1904இல், அதாவது இந்தத் தட்டுகள் வரத் தொடங்கிய அதே சமயத்தில், எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை அச்சிட்டார். தெலுங்கு எழுத்து, எந்த ஸ்வரத்தில் என்ன கமகம், அதாவது ஸ்வரத்தை எப்படி அசைத்துப் பாடுவது என்று தனித்தனிக் குறி. முத்துசாமி தீட்சிதரின் விளம்ப கால, அதாவது மெதுவான நடைக் கிருதிகள் சரணம் வரை முழுசாக அதில் இருக்கின்றன. ஒன்றை எடுத்து அந்தக் கமகங்களோடு மூன்று நிமிடத்துக்குள் பாடிப் பாருங்கள், மூச்சு முட்டும்.

தட்டுகளைச் சோதிக்க வேண்டுமானால் யூடியூபின் வேகப் பொத்தானை நம்பாதீர்கள், அது சுருதியை மாற்றாது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் போட்டு வேகம், சுருதி இரண்டையும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் கேளுங்கள்.