கத்தி மெலிசா வேணும் – கடிதம்

அண்ணா, வணக்கமுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை. கொஞ்ச நாளா கையில செய்யற சமையல் கத்தி மேல ஆசை வந்து, ஆர்டர் குடுத்து ஒவ்வொண்ணா வாங்கிச் சேத்துட்டு இருக்கேன். இப்ப ஒருத்தரு டமாஸ்கஸ் கத்தி, அதான் தகட்டுல அலை அலையாக் கோலம் தெரியுமே அது, காட்டி, இது நம்ம கொடுமணல் உருக்கோட பரம்பரைன்னு சொல்லி 18,000 ரூவா கேக்கறாரு. வாங்கலாமுங்களா? அம்மா அருவாமனைய விட்டு எந்திரிக்கறதே இல்ல, "அந்தக் காசுக்கு சந்தைல ஒரு மூட்டை கத்தி வாங்கலாமேடா"ங்கறாங்க. நம்ம பக்கத்துப் பட்டறைல ஒண்ணு செய்யச் சொல்லியும் பாத்தேன், கேரட்ட அறுக்க மாட்டேங்குது, ஆப்பு வெச்ச மாதிரி பொளக்குது. என்ன பண்றதுங்ண்ணா?

---

தம்பி,

மொதல்ல அந்த 18,000. கத்தி நல்லா இருந்தாக் குடுங்க, கைவேலைக்கு அது ஒண்ணும் அநியாய வெல இல்ல. ஆனா கொடுமணல்ங்கற பேருக்காக ஒத்த ரூவா எச்சாக் குடுக்காதீங்க. சென்னிமலைக்கு அக்கட்டால நொய்யல் கரைல இருக்கற அந்தக் கொடுமணல்ல தோண்டுனப்ப இரும்பு காய்ச்சுன உலையெல்லாம் கெடச்சது நெசம்தான், நம்மாளுங்க மண் மூசைக்குள்ள, அதாவது உருக்கற மண் குடுவைக்குள்ள, இரும்பையும் எல தழையையும் போட்டு மூடி உருக்குன உருக்குக்கு ஒலகம் பூரா பேரு இருந்ததும் நெசம்தான், அந்த உருக்குல தெரியற வரிக்கோலம் அதுக்குள்ளயே கார்பைடு, அதாவது இரும்பும் கரியும் சேந்த கெட்டித் துகள், ஒதுங்கி ஒதுங்கி தானா வர்றது. இப்ப டமாஸ்கஸ்னு விக்கறதுல முக்காவாசி அது இல்லீங்க, ரெண்டு ஸ்டீலு, பெரும்பாலும் 1095ங்கற ரகமும் நிக்கல் கலந்த 15என்20ங்கற ரகமும், அடுக்கிக் காய்ச்சி அடிச்சு ஒட்ட வெச்சது. ஃபெர்ரிக் குளோரைடுங்கற அரிக்கற கரைசல்ல முக்குனா நிக்கல் இருக்கற பக்கம் பளபளன்னு நிக்கும், இன்னொண்ணு கருத்துரும், அவ்வளவுதான் அந்தக் கோலம். பாக்க அழகுதான், எனக்கும் புடிக்கும், ஆனா தக்காளிக்கு அது தெரியாது.

விக்கறவருகிட்ட கேக்க வேண்டியது வேற: வெட்டற வாய்ல என்ன ஸ்டீலு, ராக்வெல்ல, அதாவது ஸ்டீலு எவ்வளவு கெட்டின்னு சொல்ற அளவுல, எத்தன, வாய்க்கு ஒட்டுனாப்பல தடிப்பு எவ்வளவு. 60க்கு மேல சொன்னா ஜப்பான் கத்தி மாதிரி கூரு ரொம்ப நாள் நிக்கும், ஆனா எலும்பு, தேங்கா ஓடு பக்கம் கொண்டு போனா வாய் பொரிஞ்சுரும். 56, 58ன்னா ஜெர்மன் கத்தி மாதிரி, கொஞ்சம் தாங்கும். இதுக்கெல்லாம் பதில் வராம திரும்பவும் சோழன் பாண்டியன்னே பேச்சு போச்சுன்னா கும்புடு போட்டுட்டு வந்துருங்க.

இப்ப உங்க கேரட்டு. பட்டறக்காரரத் திட்டாதீங்க, அவரு மேல தப்பில்ல. நம்ம ஊட்டுல மெலிசா அரியற வேலை பூராவும் அருவாமனைலதான நடந்துச்சு, அங்க இரும்பு நிக்குது, காய்தான் போகுது. கத்தி வேணும்னு பட்டறைக்குப் போனவன் எல்லாம் தேங்கா வெட்ட, கறி வெட்ட, கரும்பு சீவத்தான் கேட்டான், அதனால அவரு கை லாரிப் பட்டைய, அதான் லாரி அடில இருக்கற ஸ்பிரிங் பட்டைய, எடுத்து முதுகு தடிப்பாவே அடிச்சுப் பழகிருச்சு. நீங்களும் "நல்ல கத்தியா ஒண்ணு செய்யுங்க"ன்னுதான் சொல்லிருப்பீங்க, அவருக்கு நல்ல கத்தின்னா ஒடையாத கத்தி.

அதனால லாரிப் பட்டைய விடுங்க. கோயமுத்தூர்ல ஸ்டீல் கடைகள்ல விசாரிச்சு இஎன் 42ங்கற ரக ஸ்டீல் தகடு, 2 மில்லிமீட்டர் தடிப்புல வாங்கிக் குடுங்க. 0.75 சதவீதம் பக்கம் கார்பன் இருக்கும், கரி உலைக்கு ஒத்து வரும். பேரிங் ஸ்டீலு இஎன் 31 இன்னும் ஒசத்திதான், ஆனா அத ஒரே சூட்டுல கொஞ்ச நேரம் நிறுத்தோணும், கரி உலைல அது சுலுவு இல்ல. 2 மில்லி தகடுன்னா சம்மட்டி அடிக்கே வேலை இல்ல, அட்டைல வெட்டுன அளவு வெச்சு அறுத்து இழைச்சாப் போதும். அடிக்காத கத்தி கைக்கத்தியான்னு சண்டைக்கு வராதீங்க, ஒலகத்துல பாதி கஸ்டம் கத்தி இப்படித்தான் வருது.

தோய்ச்சலுக்கு, அதாவது காய்ச்சி எண்ணெய்ல முக்கறதுக்கு, முன்னாடி வாய ஒரு மில்லி விட்டு வெக்கச் சொல்லுங்க. காந்தம் ஒட்டாமப் போற சூட்டுக்கு மேல இன்னுஞ் சித்தெ ஏத்தி, வெதுவெதுன்னு இருக்கற எண்ணெய்ல எறக்கோணும், தண்ணில வேண்டாம், இந்த மெலிசுக்கு வெடிச்சுரும். அப்பறம் அம்மா கேக் சுடற ஓவன்ல 200 டிகிரி, ரெண்டு மணி நேரம், வைக்கோல் நெறம் வந்தாச் சரி. கடைசி சாணைல அடிக்கடி தண்ணில முக்கி முக்கி இழைக்கோணும், வாய் நீலம் பூத்துச்சுன்னா அந்த எடம் தளந்துருச்சுன்னு அர்த்தம், பாடுபட்டதெல்லாம் வீண். வாய்க்கு மேல கால் மில்லி தடிப்பு, கூரு ஒவ்வொரு பக்கத்துக்கும் 15 டிகிரி சாய்வு. அம்மாகிட்ட குடுக்கறதுன்னா வாழப்பூ, மாங்கா அரிஞ்சதும் கருக்கும், அது சாதாரணம்னு முன்கூட்டியே சொல்லிருங்க, தொடச்சு தேங்காண்ணெ தடவி வெச்சாத் துரு வராது. கிரானைட் திண்டு மேல மட்டும் வெச்சு அரிய வேண்டாம்.

ஒண்ணு ஆர்டர் குடுக்காதீங்க, ரெண்டாக் குடுங்க. இந்தத் தடிப்புல எண்ணெய்ல எறக்குனதும் ஒண்ணு வளையறது சகஜம், அவரு அதப் பாத்து "இனி இந்த வேலை வேண்டாஞ் சாமி"ன்னுருவாரு. வளைஞ்சதுக்கும் கூலி உண்டுன்னு மொதல்லயே சொல்லி, முன்பணம் குடுத்துட்டு வாங்க.