டிரவுட் மீனின் பருவம்

கேள்வி: வானவில் டிரவுட் இளவேனிலில் முட்டையிடும் என்று படித்தேன், அவலாஞ்சியிலோ குளிர்காலத்தில் என்கிறார்களே, எது சரி?
– வாசகர், எமரால்டு

பதில்: இரண்டுமே சரி. அதன் தாயகமான வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பனி உருகும் இளவேனிலே பருவம், 1907-இல் எச்.சி. வில்சன் முயற்சியால் அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் கண்ட நீலகிரியிலோ, நீர் நன்கு குளிர்ந்திருக்கும் பனிக்காலத்தை ஒட்டியே முட்டையிடுகிறது.

பெண்மீன் ஒருக்களித்துச் சாய்ந்து, வாலால் சரளையை அடித்துக் குழி பறித்து முட்டையிட, ஆண்மீன் உடனே விந்தைப் பாய்ச்சும். பின்னர் பெண்மீன் சற்று மேலே கிளறும் சரளையை நீரோட்டமே கொண்டுவந்து குழியை மூடிவிடும். (காவலுக்கு நிற்கும் வழக்கம் இரண்டுக்கும் கிடையாது.) 10 டிகிரி செல்சியஸில் குஞ்சு பொரிக்க ஏறத்தாழ ஒரு மாதமாகும். அதுவரை சரளை இடுக்குகளில் ஓடும் நீரே முட்டைக்கு மூச்சு என்பதால், தூண்டிலைவிடச் சரிவு நிலங்களிலிருந்து வந்து படியும் வண்டலே அதற்குப் பெரும்பகை என்பேன்.