லோனைச் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறேன், வீட்டில் எல்லாரும் என்னிடம் மறைக்கிறார்கள்

வணக்கம் மேடம்,

எனக்கு 34 வயது. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். கணவர் கட்டுமான வேலைகளில் சூப்பர்வைசர். மகள் நான்காம் வகுப்பு. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். இரண்டு பேர் சம்பளமும் சேர்த்தால் மாதம் 78,000 வரும்.

2021இல் தக்கலைப் பக்கம் ஐந்து சென்ட் இடத்தில் வீடு கட்டினோம். வங்கியில் 25 லட்சம், 20 வருடம், ஏறி இறங்கும் ஃப்ளோட்டிங் வட்டி. ஆரம்பத்தில் 7 சதவீதம்தான், தவணை 19,400 அருகில். 2022 மே மாதத்துக்குப் பிறகு ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போவை ஏற்றிக்கொண்டே போனதில் எங்கள் வட்டியும் ஏறியது, ஒரு நாள் ஸ்டேட்மென்டை எடுத்துப் பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் வேலையை விட்டுக் கிழவன் கிழவி ஆன பிறகும் கடன் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு என் கை நடுங்கிவிட்டது மேடம். தவணையை 22,500 ஆக்கச் சொன்னோம். அதற்கு மேல் மாதம் 15,000 தனியாகக் கட்டுவது என்று நான் முடிவு பண்ணினேன், இன்று வரை ஒரு மாதம் கூட விட்டதில்லை. இப்போது வட்டி 8.25, பாக்கி 20 லட்சம்.

எப்படிக் கட்டுகிறேன் என்றால், சோறும் வெந்நீரும் வெளியே விறகடுப்பில்தான். கொதும்பு, சிரட்டை, காய்ந்த மடல் எல்லாம் கணவரின் குடும்ப விளையில் இருந்து வரும், ஒரு சிலிண்டர் மூன்று மாதம் நிற்கிறது. மீன் என்றால் சாளையும் நெத்தலியும், அதுவும் விலை இறங்கும் நாளில். ஞாயிற்றுக்கிழமை மரச்சீனி. துணி ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ தள்ளுபடி வரும்போது மகளுக்கு மட்டும். கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துவிட்டேன், போனால் சுருள், அதாவது மொய், வைக்க வேண்டுமே.

நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் குலசேகரம் பக்கம் ஒரு ஏக்கர் ரப்பர் இருந்தது. 2011இல் ஷீட் கிலோ 200 ரூபாய்க்கு மேல் போனபோது எல்லாரும் வீடு கட்டினார்கள், அப்பாவும் தனியார் ஒருவரிடம் பத்திரத்தைக் கொடுத்து நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கிக் கட்டினார். அடுத்த சில வருடங்களில் விலை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தோட்டமும் வீடும் போயிற்று. என் கல்யாணம் வாடகை வீட்டில் இருந்துதான் நடந்தது. அந்தப் பத்திரத்தை அப்பா கடைசி வரை திரும்பப் பார்க்கவில்லை.

சரி, இப்போது நடந்தது. போன மாதம் மாமியின் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது பழைய பவுடர் டப்பா ஒன்று உருண்டு வந்தது. உள்ளே பஞ்சு வைத்து, அதன் மேல் பிரஷர் மாத்திரைகள், ஒவ்வொன்றும் கத்தியால் பாதியாக வெட்டியது. கேட்டால், “தலை சுத்தல் ஒண்ணும் இல்ல மக்களே, இருக்கிறத வச்சு ஓட்டலாம், லோன் கழியட்டும்” என்கிறார். அதே வாரம் கணவரின் நண்பர் போன் பண்ணினார், அப்போதுதான் தெரிந்தது, இவர் தங்கை மகள் கல்யாணத்துக்கு மோதிரம் போட அவரிடம் 20,000 கடன் வாங்கியிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா நீ கணக்கு நோட்டை எடுத்து நீட்டுவ” என்றார்.

எனக்கென்று நான் ஒரு ரூபாய் எடுத்ததில்லை மேடம். இவர்களுக்காகத்தானே இவ்வளவும், கடைசியில் என்னிடமே மறைக்கிறார்கள். ராத்திரி வங்கி ஆப்பைத் திறந்து பாக்கியைப் பார்க்காமல் தூக்கம் வருவதில்லை, பார்த்த பிறகும் வருவதில்லை. நான் இதை நிறுத்த வேண்டுமா? நிறுத்தினால் அப்பாவுக்கு வந்தது எங்களுக்கும் வந்துவிடுமோ என்று நெஞ்சு அடைக்கிறது.

— தக்கலைப் பக்கத்து வாசகி

ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாமியின் விஷயம், அது மட்டும் காத்திருக்காது. இன்றைக்கே பிரஷர் பார்த்துவிடுங்கள், மாத்திரையைப் பாதியாக்கிய கதையை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் சொல்லும் அளவில் மறுபடி ஆரம்பிக்கட்டும். தலை சுற்றவில்லை என்பதை வைத்து நம்பக் கூடாது என்று லேபில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பிரஷர் பெரும்பாலும் ஒன்றும் காட்டாமல்தான் ஏறும். இதில் பணத்துக்கு வேலையே இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் இருந்து நடக்கிறது, பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து இலவசமாகத் தருகிறார்கள். உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியின் பெயரைப் பதிந்துவிடுங்கள். வெளியில் வாங்க வேண்டியது ஏதாவது இருந்தால் மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விலை குறைவு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிறுத்த வேண்டாம். கடனைச் சீக்கிரம் முடிக்க நினைப்பது நல்ல முடிவு, உங்கள் வருமானத்தில் முடியவும் செய்யும். விறகடுப்பு, மரச்சீனி, சாளை, இதில் ஒன்றும் யாரையும் நோகடிக்கவில்லை. சாளையைப் போலச் சத்தான மீன் எது? உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்ததில் எனக்குத் தெரிந்தது வேறு. உங்கள் வீட்டில் பணம் இல்லாமல் போகவில்லை. பணம் கேட்க முடியாமல் போய்விட்டது. மாமி மாத்திரை கேட்கவில்லை, கணவர் மோதிரத்துக்குக் கேட்கவில்லை. கேட்க முடியாத வீட்டில் ஆட்கள் செலவை நிறுத்துவதில்லை, உங்களுக்குத் தெரியாமல் செய்வார்கள், இல்லையென்றால் உடம்பில் இருந்து எடுத்துக் கொடுப்பார்கள். உங்கள் வீட்டில் இரண்டுமே நடந்துவிட்டது. அந்த 20,000 உங்கள் நோட்டில் ஏறாத கடன், ஆனால் கடன்தானே.

இது ஏன் இவ்வளவு இறுகிப்போனது என்றால், நீங்கள் கட்டிக்கொண்டிருப்பது இரண்டு கடன். ஒன்று வங்கிக்கு. இன்னொன்று அப்பாவின் கடன், அது என்றைக்கோ முடிந்துபோனது, உங்கள் மனசுக்குள் மட்டும் இன்னும் தவணை கேட்கிறது. கண் முன்னால் வீடு போவதைப் பார்த்த பிள்ளைக்கு இந்தப் பயம் வரத்தான் செய்யும், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு கடனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்பா வாங்கியது நூற்றுக்கு மூன்று, அதாவது வருடத்துக்கு 36 சதவீதம். நீங்கள் கட்டுவது 8.25. அப்பாவின் வருமானம் ஒரே ஒரு விளைபொருளின் விலையில் தொங்கியது, உங்களுக்கு இரண்டு சம்பளம். அப்பாவிடம் பத்திரத்தை வாங்கி வைத்தவரைக் கேட்க ஆள் இல்லை. வங்கி அப்படி இல்லை. ஒரு தவணை தவறியதும் வீட்டுக்குப் பூட்டுப் போட முடியாது. 90 நாள் கட்டாமல் இருந்தால்தான் அது வாராக்கடன், அதற்குப் பிறகும் வங்கிகள் அடமானச் சொத்தை எடுப்பதற்கான 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். கடனை முழுதாக அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் இருந்து விதியே வைத்திருக்கிறது. நெஞ்சு அடைக்கும் நேரத்தில் இதை உங்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை, உங்கள் பயம் கேட்கும் கேள்விக்கு இதுதான் நேரான பதில்.

அப்புறம் கணக்கு. நீங்கள் கணக்கு நோட்டுக்காரி, அதனால் கணக்கிலேயே பேசுகிறேன். பாக்கி 20 லட்சம், வட்டி 8.25, மாதம் மொத்தம் 37,500 போகிறது. இதே வட்டியில் இப்படியே போனால் 67 மாதத்தில் முடியும். கூடுதலாகக் கட்டும் 15,000ஐ 12,000 ஆக்கினால்? 75 மாதம். எட்டு மாதம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். இந்த 3,000க்காகத்தான் வீட்டில் இத்தனை ஒளிவு மறைவு. கூடுதலாக ஒன்றுமே கட்டாமல் விட்டால் பதினொன்றரை வருடம் ஆகும், அதை நான் சொல்லவில்லை. பெரிய வேலையை அந்த 12,000 செய்துவிடும்.

அந்த 3,000ஐ வீட்டில் பிரித்துக் கொடுங்கள். மாமிக்கு ஒரு தொகை, கணவருக்கு ஒரு தொகை, மகளுக்குச் சின்னதாக ஒன்று, உங்களுக்கும் ஒன்று. இதற்கு யாரும் யாரிடமும் கணக்கு சொல்லக் கூடாது, நோட்டிலும் ஏறக் கூடாது. மாமி அதில் வெற்றிலை வாங்கினாலும் சரி, கோயில் உண்டியலில் போட்டாலும் சரி. உங்கள் பங்கை மட்டும் மறுபடி லோனில் கட்டிவிடாதீர்கள், நீங்கள் செய்வீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

இன்னொன்று எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. கடிதத்தில் தவணை இருக்கிறது, விறகு இருக்கிறது, கையிருப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. மிச்சம் பிடித்ததெல்லாம் லோனுக்குள் போய்விட்டதா? லோனில் கட்டிய பணம் ஆத்திர அவசரத்துக்குத் திரும்பக் கைக்கு வராது. ஒருவருக்கு வேலை போனாலோ ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும், அல்லது நீங்கள் பயப்படும் அதே நூற்றுக்கு மூன்று ஆள் வாசலுக்குப் போக வேண்டியிருக்கும். அப்பாவுக்கு நடந்ததை உங்கள் வீட்டுக்கு வரவிடாமல் தடுப்பது கையில் இருக்கும் அந்த மூன்று மாதச் செலவுப் பணம்தான். தனிநபர் வாங்கிய ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனை எப்போது முன்கூட்டி அடைத்தாலும் அபராதம் வாங்கக் கூடாது என்பது விதி, அதனால் இந்த மாதமே கட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல், அந்த 12,000ஐ லோனுக்கு அனுப்பாமல் வங்கியிலேயே ஆர்.டி., அதாவது மாதா மாதம் கட்டும் சேமிப்பு, போடுங்கள். ஒன்றரை லட்சம் சேர்ந்ததும் பழையபடி லோனுக்குத் திருப்பிவிடலாம். அப்படிப் பார்த்தாலும் 82 மாதத்தில், ஏழு வருடத்துக்குள், கடன் முடிந்துவிடும். கணவர் கட்டட வேலையில் ஏறி இறங்குகிறவர், அவர் பெயரில் ஒரு டேர்ம் இன்சூரன்ஸ், அதாவது அவருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு, இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் அது ஆர்.டி.க்கும் முன்னால்.

ராத்திரி ஆப். பாக்கியைப் பார்த்ததும் ஒரு நிமிடம் மனசு ஆறும், பிறகு முன்னைவிட அதிகமாகப் பார்க்கத் தோன்றும். பதற்றத்தின் குணமே அது, சமாதானம் தேடத் தேட அது வளரும். ஆப்பை போனில் இருந்து எடுத்துவிட்டு, தவணை போகும் தேதிக்கு மறுநாள் மட்டும், பகல் வெளிச்சத்தில், கணவரோடு உட்கார்ந்து பாருங்கள். முதல் சில ராத்திரி கை பரபரக்கும். எழுந்து தண்ணீர் குடியுங்கள், மூச்சை மெல்ல இழுத்து அதைவிட மெல்ல விடுங்கள், பரபரப்பு ஏறிய மாதிரியே இறங்குவதைக் கவனியுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகியும் தூக்கம் வரவில்லை, நெஞ்சு அடைப்பது நிற்கவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம். முதலில் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து உடம்பில் ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போய் வாருங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் 14416, டெலி மனஸ், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கடைசியாக உங்கள் கணவர். அவர் மறைத்தது உங்களுக்கு வலிக்கிறது, அந்த வலி நியாயமானது, அதை அவரிடம் சொல்லவும் வேண்டும். ஆனால் நோட்டு கையில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். மாமா மோதிரம் போடாமல் மருமகள் கல்யாணத்தில் போய் நிற்க முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது, நம் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை என்று உங்களுக்கும் தெரியும். நீங்கள் சுருளுக்குப் பயந்து வீட்டோடு நின்ற கல்யாணங்களில் எத்தனை அவர் பக்கத்து உறவு என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவின் பத்திரக் கதையை இவ்வளவு விவரமாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள், அவரிடம் எப்போதாவது இப்படிச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் பார்த்தால் அவருக்கு நோட்டுதான் தெரியும், நோட்டுக்குப் பின்னால் இருக்கும் குலசேகரம் வீடு தெரியாது என்று நினைக்கிறேன். அதைச் சொல்லிவிட்டு, இந்த மாதம் லோனுக்கு எடுத்து வைத்த 15,000ஐ அந்த நண்பருக்குக் கொடுக்கச் சொல்லி அவர் கையில் கொடுங்கள். மீதி 5,000 அடுத்த மாதம். ஆர்.டி. அதற்குப் பிறகு ஆரம்பிக்கலாம்.