பூனை சொறிவது சாப்பாட்டாலா?

கேள்வி: என் பூனை கழுத்தையும் காதோரத்தையும் புண்ணாகும்வரை சொறிகிறது, அடிக்கடி வாந்தியும் எடுக்கிறது. உணவு ஒவ்வாமையா? ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

பதில்: இருக்கலாம். ஆனால் தெள்ளுப்பூச்சி கடித்தாலும் இதே மாதிரிதான் சொறியும், அதனால் முதலில் அதற்கு மருந்து போடுங்கள். ரத்தப் பரிசோதனையை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள், உணவு ஒவ்வாமையை அது சரியாகக் காட்டாது. நம்பகமான வழி ஒன்றுதான்: பூனை இதுவரை சாப்பிடாத ஒரு இறைச்சியையோ, புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவையோ கால்நடை மருத்துவரிடம் கேட்டு 8 வாரம் அதை மட்டுமே கொடுப்பது (பிஸ்கட், பால், பக்கத்து வீட்டு மீன் எதுவும் கூடாது, கஷ்டம்தான்). அரிப்பு அடங்கினால் பழைய சாப்பாட்டை மறுபடி கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் 2 வாரத்துக்குள் திரும்பிவிடும், அப்போது உறுதி. மாட்டிறைச்சி, மீன், கோழி மூன்றும்தான் அதிகம் மாட்டுகிற குற்றவாளிகள். அப்புறம், புது உணவைத் தொடவில்லை என்றால் பட்டினி போடாதீர்கள், ஈரல் கெட்டுவிடும்.