பை வாரைப் பிரித்த பையன்

அம்மா, உங்கள் மகனை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்டு நேற்று நீங்கள் மூவரும் வந்தபோது "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று கொஞ்சம் மழுப்பி அனுப்பிவிட்டேன். ராத்திரி முழுக்க உறுத்தியது. சொல்ல வேண்டியதை எழுதிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி.

நீங்களும் உங்கள் கணவரும் கம்ப்யூட்டர் சயன்ஸ் பற்றிப் பேசிய அரை மணி நேரமும் உங்கள் மகன் என்ன செய்தான், பார்த்தீர்களா? தன் பை வாரின் பிசிறிய ஓரத்தில் இழைகளை ஒவ்வொன்றாக உருவி, எது எதற்கு மேலே போகிறது, எத்தனை இழை தாண்டிக் கீழே இறங்குகிறது என்று என் மேஜையில் கிடந்த கட்டம் போட்ட தாளில் கறுப்பும் வெள்ளையுமாகக் குறித்துக்கொண்டிருந்தான். நெசவு டிசைன் போடுகிறவர்களும் இப்படித்தான், பாவு, அதாவது நீளவாக்கு இழை, மேலே ஏறும் கட்டத்தைக் கறுப்பாக அடைப்பார்கள். அவனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோடிங் பிடிக்குமா என்றதற்கு "பரவாயில்லை சார்" என்றான். பரவாயில்லை என்கிற பாடத்துக்கா நான்கு வருஷம்?

மற்ற படிப்புகளைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள், விடுங்கள். நான் சொல்வது டெக்ஸ்டைல் டெக்னாலஜி. அதைக் கேட்டால் உங்கள் அண்ணன் "தறி ஓட்டவா?" என்று சிரிப்பார். அவர் மெச்சிக்கொள்ளும் டொயோட்டா காரே 1933-இல் ஒரு தானியங்கித் தறித் தொழிற்சாலைக்குள் தனிப்பிரிவாகத் தொடங்கியதுதான் என்று சொல்லுங்கள்.

சாதாரணத் துணியில் பாவு நீளவாக்கில், ஊடை குறுக்கே. கனமான பொருள் வேண்டுமென்றால் துணிகளை அடுக்கிப் பிசினால் ஒட்டுவார்கள். பலமாக அடி விழுந்தால் அடுக்குகள் பிரிந்துகொள்ளும், ஏனென்றால் நடுவே பிடித்திருப்பது பிசின் மட்டும்தான். முப்பரிமாண நெசவில் இன்னொரு இழை மேலிருந்து கீழாக ஊடுருவி எல்லா அடுக்கையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது. 2016-இல் ஏ320நியோ விமானத்தில் பறக்கத் தொடங்கிய லீப் எஞ்சினின் முன்விசிறியில் 18 இறக்கைகள், எல்லாமே கார்பன் இழையை இப்படி நெய்து, அச்சுக்குள் வைத்துப் பிசின் செலுத்திச் செய்தவை. அடியில் தடிமன், நுனியில் மெல்லிசு, அந்த வித்தியாசமும் தறியிலேயே நெய்யப்படுகிறது. பறவை வந்து மோதினாலும் தாங்க வேண்டிய பொருள் அது!

இதற்குத் தறியையே மாற்ற வேண்டியிருக்கிறது. நேராகப் போகும் இழை குறைவாகச் செலவாகும், ஏறி இறங்கும் இழை கூடுதலாகச் செலவாகும். எல்லாவற்றையும் ஒரே பாவு உருளையில் சுற்றினால் சில தொங்கும், சில இறுகும். அதனால் கிரீல் என்கிற சட்டத்தில் இழைக்கு ஒரு பாபின் (நூல் சுற்றிய கட்டை) என மாட்டி, ஒவ்வொன்றின் இழுவிசையையும் தனியாகப் பார்த்துக்கொள்கிறார்கள். கார்பன் வேறு தொட்டாலே பிசிறும், பாவு இழையைத் தூக்கி இறக்கும் விழுதில் உரசாமல் பார்க்க வேண்டும். எந்த இழையை எப்போது தூக்க வேண்டும் என்பதைத் தறிமேல் இருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு என்கிற கருவி தனித்தனியாகத் தீர்மானிக்கிறது. காரின் ஏர்பேக்கில்கூட, இரண்டு துணியை மேலும் கீழுமாக ஒரே நேரத்தில் நெய்து, ஓரத்தில் மட்டும் ஒன்றாகப் பின்னி, தையலே இல்லாமல் தறியிலிருந்து எடுக்கும் வகை இதே ஜக்கார்டில் வருவதுதான். உங்கள் பையன் தாளில் போட்டது இந்த வேலையின் முதல் எழுத்து.

இனிப்பாக மட்டும் சொல்லமாட்டேன். முதல் சில வருஷம் ஆலையில் ஷிஃப்ட் இருக்கும், தறிச் சத்தத்தில் காதடைப்பான் இல்லாமல் நிற்க முடியாது. விமானப் பாகம் நெய்யும் இடங்கள் கொஞ்சம்தான், அங்கே போக காம்போசிட்ஸில், அதாவது இழையும் பிசினும் சேர்ந்த இந்த மாதிரிப் பொருள்களில், மேற்படிப்பும் வேண்டியிருக்கும்.

காசு விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. கம்ப்யூட்டர் சயன்ஸ் என்ற பெயருக்காகக் கடன் வாங்கி நன்கொடை கொடுத்து இடம் பிடிக்காதீர்கள். படித்து முடிக்குமுன்பே அவன் தலையில் கடனை ஏற்றிவிட்டு, அப்புறம் பிடித்த வேலைக்குப் போ என்றால் எப்படிப் போவான்? டெக்ஸ்டைலுக்கும் இதே விதிதான். கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது நெசவுக் கூடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். மாணவர் தானே டிசைன் போட்டு, பாவு கோத்து, நெய்து எடுத்த துண்டைக் காட்டச் சொல்லுங்கள். தறிமேல் தூசி படிந்திருந்தால் விண்ணப்பம் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

அவன் தாள் என்னிடம்தான் இருக்கிறது. ஏழாவது வரிசையில் ஒரு கட்டம் தப்பு, அதை அவனே கண்டுபிடித்து அடித்திருக்கிறான். அடுத்த வாரம் அவனைத் தனியாக அனுப்புங்கள், அண்ணன் வேண்டாம்.